செஞ்சிக் கோட்டையும் ஒரு சாண் கரியும்

"தாத்தா, எனக்கு ஒரு ஸ்நோமேன் செஞ்சு தர்றியா?"

சில வருடங்களுக்கு முன்னால் என் பேரன் இப்படிக் கேட்டபோது அவனுக்கு வயது ஆறு. பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்களாம். 'விண்டர் கிராஃப்ட்' என்று ஏதாவது ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு போகவேண்டும். பஞ்சு, சார்ட் பேப்பர், பசை, இரண்டு கறுப்புப் பட்டன் எல்லாம் வாங்கி வந்தாயிற்று. சென்னையில் மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த கார்த்திகை மாதம். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. கீழே உட்கார்ந்து தாத்தாவும் பேரனும் பனி மனிதன் செய்கிறோம்!

"ஸ்நோன்னா என்னன்னு தெரியுமாடா?"

"தெரியுமே... ஃப்ரிட்ஜுல மேல் ரூம்ல இருக்குமே, அது!"

அந்தப் பஞ்சு மனிதனை நான் குறை சொல்லவில்லை. பனி கொட்டுகிற தேசத்தில் வாசலில் கிடக்கிற பனியை உருட்டி, அம்மாவிடம் ஒரு காரட் வாங்கி மூக்கு வைத்து விளையாடுகிறார்கள். அவர்கள் ஊர்க் குளிர்காலம் அவர்கள் குழந்தைக்குக் கொடுத்த பொம்மை அது. செலவே இல்லாத பொம்மை. சரி, நம்ம ஊர்க் கார்த்திகை மாதம் நம்ம குழந்தைக்கு என்ன கொடுத்தது? யோசித்துப் பார்த்தேன். அங்கே பனி... இங்கே பனை!

பையனைத் தூக்கிக்கொண்டு செஞ்சிக்குக் கிளம்பிவிட்டேன். என் மனைவியின் அக்கா வாழ்க்கைப்பட்டது செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். என் சகலைக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல். நான் அவரை 'அண்ணே' என்பேன், அவர் என்னைத் 'தம்பி' என்பார். திருவண்ணாமலை அங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள்தான். கார்த்திகை தீபத்தன்று வானம் தெளிவாக இருந்தால் மேற்குப் பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியும் என்பார் சகலை.

தீபத்துக்கு முதல் நாள் காலையில் கோட்டைக்குப் போனோம்.

செஞ்சிக் கோட்டையைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது ஒரு மலைக்கோட்டை இல்லை, மூன்று. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளைச் சுற்றி வளைத்து மதில் எழுப்பியிருக்கிறார்கள். ராட்சசக் குழந்தை ஒன்று கூழாங்கற்களைக் கொட்டி விளையாடிவிட்டு அப்படியே விட்டுப் போனது மாதிரி பாறைகள். ராஜகிரியின் உச்சி சுமார் 800 அடி உயரம். உச்சிக்குப் போகும் வழியில் ஒரு பிளவு, அதன் மேல் ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அந்தப் பக்கமே நிற்கவேண்டியதுதான்.

சுமார் 1200-ம் ஆண்டு வாக்கில் ஆனந்தக் கோன் என்ற இடையர் தலைவர் இங்கே கோட்டையைத் தொடங்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. பிறகு விஜயநகரப் பேரரசின் கீழ் நாயக்கர்கள். 1597-ல் பிமெண்டா என்ற ஏசுசபைப் பாதிரியார் இங்கே வந்தார். இந்தியாவில் தான் பார்த்த ஊர்களிலேயே பெரியது இதுதான், போர்ச்சுகலில்கூட லிஸ்பனைத் தவிர இதற்கு ஈடான ஊர் கிடையாது என்று வியந்து எழுதிவைத்தார். இன்றைக்கு செஞ்சி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு இதை யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் தலை சுற்றும்!

1649-ல் பீஜப்பூர் படை பிடித்தது. 1677-ல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராமை இங்கே வைத்து மொகலாயப் படை வருடக்கணக்கில் முற்றுகை போட்டு, 1698-ல் கோட்டையை வாங்கியது. 1714 அக்டோபரில் தேசிங்கு ராஜா என்று நாம் பாடுகிற தேஜ் சிங், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையைச் சில நூறு குதிரைவீரர்களோடு எதிர்த்துப் போனார். உயிரோடு திரும்பவில்லை. வயது இருபத்திரண்டு என்கிறார்கள். 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே ராத்திரியில் பிடித்தார்கள். 1761-ல் இங்கிலீஷ்காரர்கள். நடுவில் 1780-ல் ஹைதர் அலி. அப்பாடா!

செட்டிக்குளத்தின் கரையில்தான் தேசிங்கின் உடலுக்கு எரியூட்டியதாகச் சொல்கிறார்கள். அவர் மனைவியும் அந்தத் தீயிலேயே இறங்கிவிட்டாராம். குளத்தில் கல் விட்டெறிந்துகொண்டிருந்த பேரனிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. குதிரை லாயத்தையும் யானைக்குளத்தையும் காட்டிக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

கல்யாண மகாலுக்குக் கிட்டே வந்தோம். அந்தப் பகுதியில் தடித்த சுவர் வைத்த ஒரு கட்டடம்.

"இது என்ன தாத்தா?"

"மருந்துக் கிடங்கு."

"ஹாஸ்பிடலா?"

சிரித்துவிட்டேன். தமிழில் ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதானே! இது வெடிமருந்து. அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். பீரங்கிக்குப் போடுகிற பொடியில் மூன்றே மூன்று சாமான்தான். வெடியுப்பு, கந்தகம், கரி. நூறு பங்கில் 75 பங்கு உப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் என்பது பெயர்போன கணக்கு. அந்தக் கறுப்புப் பொடிக்காகத்தான் இத்தனை தடி மதில்.

"கரின்னா... நம்ம வீட்டு அடுப்புக் கரியா?"

"அடுப்புக் கரிக்கு ஒரு படி மேல. லேசான கரியா இருக்கணும்."

ஐரோப்பாவில் இதற்கு வில்லோ மாதிரி மெத்தென்ற மரங்களைத் தேடித் தேடி எரித்தார்கள். இந்தியாவில் கம்பெனி ஆட்கள் துவரை மிளாறைக் கரியாக்கிப் பயன்படுத்தினார்கள். தடித்த மரத்தின் கரி உதவாது. சட்டென்று பற்றவேண்டும். தாவரம் எவ்வளவு லேசோ, கரி அவ்வளவு சுறுசுறுப்பு.

இந்தப் பாடத்தைச் செஞ்சிச் சுற்றுவட்டாரத்துப் பையன்கள் எந்தத் தளபதியிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. அவர்களுக்குத் தெரிந்த லேசான கரி ஒன்று இருந்தது. பனம்பூக் கரி.

மத்தியானம் சகலை வீட்டுக்குத் திரும்பியபோது அவர் கொல்லையில் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"வாடா பேராண்டி... பொதையல் எடுக்கலாம் வா."

கொல்லை மூலையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி, மேலே மண் மூடி மெழுகியிருந்தது. முதல் நாளே வேலையை ஆரம்பித்துவிட்டிருக்கிறார். பனையில் ஆண், பெண் தனித்தனி மரம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெண் பனை நுங்கு கொடுக்கும், பழம் கொடுக்கும். ஆண் பனை காய்க்காது. விரல் மாதிரி நீள நீளமாகப் பூக்கதிர் விடும். அது காய்ந்து கீழே உதிர்ந்து கிடக்கும். அதைப் பொறுக்கிச் சேர்த்துவைத்து, குழியில் அடுக்கித் தீ வைக்கவேண்டும். நன்றாகப் பிடித்துக் கனன்றதும், சாம்பலாகிவிடுவதற்கு முன்னால் பச்சைத் தழையைப் போட்டு மேலே மண்ணைத் தள்ளிக் காற்றுப் புகாமல் மூடிவிடவேண்டும். உள்ளே மூச்சுத் திணறி, பூ அப்படியே கரியாகும்.

"ஏன் தாத்தா நேத்தே எடுக்கல?" என்றான் பையன்.

"அவசரப்பட்டுத் தொறந்தா உள்ள கங்கு முழிச்சிக்கும்டா. காத்துப் பட்டா அவ்ளோதான்... எல்லாம் சாம்பலாப் பூடும். ஒரு ராத்திரி தூங்க வுடணும்."

மண்ணை விலக்கினார். பூக்கதிர் பூக்கதிராகவே இருந்தது, கறுப்பாக. தொட்டால் நொறுங்கியது. பையனின் பத்து விரலும் கறுப்பு. மூக்கில் ஒரு கோடு. நான் வாயைத் திறப்பதற்குள் சகலை என்னைப் பார்த்த பார்வையில், 'விடு தம்பி, கழுவினாப் போயிடும்' என்று எழுதியிருந்தது.

அடுத்து அரைப்பது. அம்மியில் வைத்து மாவாக அரைத்தார்கள். ஒரு சிட்டிகை உப்புச் சேர்ப்பவர்களும் உண்டு. பொறி படபடவென்று வரும் என்பார்கள். பிறகு துணி. பழைய பருத்தி வேட்டியிலிருந்து கிழித்தது. நைலான், பாலியெஸ்டர் கிட்டேயே வரக்கூடாது, உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். துணியை ஒரு சாண் நீளத்துக்குக் குழல் மாதிரி தைத்து, அதற்குள் கரித்தூளைக் குச்சியால் குத்திக் குத்தி இறுக்கமாக அடைத்து, இரண்டு முனையையும் கட்டி, மேலே நூலால் வரிந்து சுற்றினார். பார்ப்பதற்குக் கறுப்பு வெள்ளரிப் பிஞ்சு மாதிரி இருந்தது. கடைசியாகப் பச்சைப் பனை மட்டையை மூன்று சிம்பாகப் பிளந்து, நடுவில் கரிப் பொட்டலத்தைச் செருகி, நுனியைச் சேர்த்துக் கட்டி, அடியில் நீளமாக ஒரு கயிறு.

இதுதான் மாவலி. சில ஊரில் மாவளி என்பார்கள். வடதமிழ்நாட்டுக் கிராமங்களில் பிறந்து வளர்ந்த, இப்போது ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது இந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள். முகம் மாறுவதைப் பார்க்கலாம். செலவு? பனம்பூ கீழே கிடந்தது. துணி கிழிந்தது. மட்டை வெட்டிப் போட்டது. காசு கொடுத்து வாங்கியது அந்த நூல் ஒன்றுதான்.

பீரங்கி மருந்துக்கும் மாவலிக்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. கரி ரெண்டிலும் உண்டு. கரி எரிய ஆக்சிஜன் வேண்டும். பீரங்கி மருந்தில் அந்த வேலையை வெடியுப்பு பார்த்துக்கொள்கிறது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே மூட்டை கட்டிக்கொண்டு வருகிற சரக்கு அது. அதனால்தான் மூடிய குழாய்க்குள்ளேயும் ஒரே நொடியில் குபீரென்று எரிந்து குண்டைத் தள்ளுகிறது. மாவலியில் வெடியுப்பு கிடையாது. அதற்குக் காற்று கொடுப்பது பையனின் கை. சுற்றினால் விழித்துக்கொள்ளும், நிறுத்தினால் தூங்கிப்போகும். வெடிக்கவே வெடிக்காது.

வெடியுப்பும் போருக்கு மட்டும் போகவில்லை. 1443-ல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், அங்கே மகாநவமி விழாவில் பார்த்த வாணவேடிக்கையைக் குறித்துவைத்திருக்கிறார். ஒடிசாவை ஆண்ட கஜபதி பிரதாபருத்திரன் பெயரில் உள்ள 'கௌதுக சிந்தாமணி' என்ற நூலில் வாணம் செய்யும் கணக்குகளே இருக்கின்றன. இதையெல்லாம் தேடித் தொகுத்தவர் பூனாவைச் சேர்ந்த அறிஞர் பி.கே. கோடே. இந்தியாவில் வாணவேடிக்கையின் வரலாறு பற்றி அவர் எழுதிய நூல் 1953-ல் வந்தது. ஆனால் அதெல்லாம் அரண்மனை வாசலில் ராஜா பார்த்து ரசித்தது. 1923-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து, அதன் தொடர்ச்சியாகப் பட்டாசு ஆலைகள் பெருகிய பிறகுதான் மத்தாப்பும் சங்குசக்கரமும் சாதாரண வீட்டுக்கு வந்தன. மத்தாப்பு வாங்கக் காசில்லாத வீட்டுப் பையனுக்கும் ஒரு சக்கரம் இருந்தது. அவனே செய்துகொண்ட சக்கரம்.

கொல்லையில் கரி வேலை நடந்துகொண்டிருக்கும்போது அடுப்படியில் இன்னொரு வேலை. மறுநாளைக்குப் பொரி உருண்டை. பேரனுடைய பெரியாயா, அதாவது என் மனைவியின் அக்கா, அவனைக் கூப்பிட்டு, "முதல்ல கையக் கழுவுடா கரிச்சட்டி!" என்றார்.

சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு செய்வதற்கு இதைவிடச் சுலபமான பட்சணம் கிடையாது. ஐந்து டம்ளர் பொரிக்கு ஒரு டம்ளர் பொடித்த வெல்லம். வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, பாகு காய்ச்சவேண்டும். பதம் எப்படித் தெரியும்? ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டினால் உருளவேண்டும். அந்த உருண்டையைத் தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் வரவேண்டும். அந்த 'டங்' கேட்கிற உத்தியோகம் பையனுக்கு! மூன்று தடவை "இன்னும் வர்ல" என்றான். நாலாவது தடவை வீடே அதிரக் கத்தினான். ஏலக்காய், பொட்டுக்கடலை, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், பொரி எல்லாவற்றையும் கொட்டிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு பிடிக்கவேண்டும். அடுப்புப் பக்கமும் பாகுப் பக்கமும் பெரியவர்கள், உருட்டுகிற பக்கம் குழந்தைகள். பெரியாயா பிடித்தது எலுமிச்சம்பழம் மாதிரி. பையன் பிடித்தது தேசிங்கு ராஜாவின் பீரங்கிக் குண்டு மாதிரி.

"ஆயா, கார்த்திகைக்கு ஏன் பொரி?"

பெரியாயா கதை சொன்னார். மாவலிச் சக்கரவர்த்திக்கு ஒருதரம் உடம்பெல்லாம் தீராத எரிச்சலாம். கார்த்திகை விரதம் இருந்து, விளக்கேற்றி, நெல்லுப் பொரி படைத்த பிறகுதான் குணமாயிற்றாம். அதனால்தான் பொரி, அதனால்தான் அந்தத் தீச்சக்கரத்துக்கும் அவர் பெயர்.

அதோடு நிறுத்தவில்லை. மாவலி போன ஜென்மத்தில் யார் தெரியுமா? ஒரு எலி! வேதாரண்யம் கோயிலில் அணையப் போகிற விளக்கில் நெய் குடிக்க வந்த எலி. மூக்குச் சுட்டதில் அது துள்ள, திரி தூண்டப்பட்டு, விளக்குப் பளிச்சென்று எரிந்தது. செய்தது தெரியாமல் செய்த புண்ணியம், கிடைத்தது சக்கரவர்த்திப் பட்டம். இது பாட்டி கதை என்று தள்ளிவிடாதீர்கள். ஏழாம் நூற்றாண்டில் அப்பர் பெருமானே திருக்குறுக்கைப் பதிகத்தில் இந்த எலியைப் பாடியிருக்கிறார்.

கார்த்திகை விளக்கோ அதைவிடப் பழசு. அகநானூற்றின் 141-வது பாட்டில் நக்கீரர், மழைக்காலம் போய், நிலவு ஆறு மீன்களோடு சேர்கிற இரவில் தெருவெல்லாம் விளக்கு வைத்துக் கொண்டாடும் பழைய ஊரைக் காட்டுகிறார். ஆறு மீன் என்பது கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். தீபத்தன்று குழந்தையை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய், நிலவுக்குப் பக்கத்தில் கொத்தாகத் தெரியும் அந்த ஆறையும் தேடச் சொல்லுங்கள். முழுநிலவு வெளிச்சத்தில் கண்டுபிடிப்பது கொஞ்சம் கஷ்டம்தான். அதனால்தான் அது விளையாட்டு.

எலியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? இங்கே ஒரு சுவாரஸ்யம். கொரியாவில் வருடத்தின் முதல் பௌர்ணமி இரவில் குழந்தைகள் வயல்வெளியில் நெருப்பைச் சுற்றுகிறார்கள். ஓட்டை போட்ட டின்னுக்குள் கங்கைப் போட்டு, கம்பி கட்டி, கையை வீசிச் சுற்றினால் வட்ட வட்டமாகத் தீ. நம்ம மாவலியின் சித்தப்பா பிள்ளை என்றே சொல்லலாம்! அந்த விளையாட்டின் பெயர் சுவிபுல்லோரி. தமிழில் சொன்னால், எலித்தீ விளையாட்டு. வரப்புப் புல்லைக் கொளுத்தி எலியையும் பூச்சி முட்டைகளையும் ஒழிக்கிற வழக்கத்திலிருந்து வந்தது. 1950-53 கொரியப் போருக்குப் பிறகு ராணுவத்தார் தின்றுவிட்டு எறிந்த டின்கள்தான் இந்த விளையாட்டுக்கு வந்து சேர்ந்தன என்கிறார்கள்.

நம் நாட்டிலேயே உத்தரகாண்டின் கட்வால் மலையில், தீபாவளி முடிந்து பதினோரு நாள் கழித்து 'இகாஸ்' என்று ஒரு பண்டிகை. அன்றைக்குப் பிசின் ஊறிய பைன் மரச் சிம்புகளைக் கட்டாகக் கட்டி, கொடியில் தொங்கவிட்டு, பற்றவைத்துத் தலையைச் சுற்றி வீசுகிறார்கள். அதற்கு 'பைலோ' என்று பெயர். பைன் இருக்கிற ஊரில் பைன், டின் கிடைத்த ஊரில் டின், பனை இருக்கிற ஊரில் பனை. குழந்தைகள் எங்கேயும் கைக்குக் கிடைத்ததைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

மறுநாள் தீபம்.

சாயங்காலம் திண்ணை, மாடம், கிணற்றடி, மாட்டுத் தொழுவம் என்று அகல் விளக்கு. ஊர்க் கோயில் வாசலில் பனை மரத் துண்டை நட்டு, ஓலை சுற்றிச் சொக்கப்பனை கொளுத்தினார்கள். தீ மேலே போனதும் ஊரே "ஓ"வென்று சத்தம் போட்டது. அதில் மிஞ்சிய கங்கை எடுத்துக்கொண்டு பையன்கள் அறுவடை முடிந்த ஒரு மேட்டு நிலத்துக்கு ஓடினார்கள். வைக்கோல் போர் இல்லாத, கூரை வீடு இல்லாத வெட்டவெளி. சகலை ஒரு குடம் தண்ணீரோடு பின்னாலேயே வந்தார். இந்தத் தண்ணீர்க் குடம் முக்கியம். நீங்கள் செய்து பார்த்தாலும் இதை மறக்காதீர்கள். பருத்திச் சட்டை, காலில் செருப்பு, சுற்றுகிறவனைச் சுற்றிப் பத்தடிக்கு யாரும் இல்லாத இடம், பக்கத்தில் ஒரு பெரியவர். ஆறு வயதுப் பிள்ளை தனியாகச் சுற்றக்கூடாது.

சகலை மாவலியின் தலையில் ஒரு கங்கை வைத்து வாயால் ஊதினார். சுடர் வரவில்லை. துணியின் ஓரம் சிவந்து, மெல்ல உள்ளே போனது. எழுந்து நின்றார். கயிற்றைப் பிடித்து முதலில் மெதுவாக, தாலாட்டுகிற மாதிரி ஆட்டினார். அப்புறம் ஒரு வீச்சு.

விஸ்ஸ்ஸ்...

இருட்டில் ஒரு சக்கரம். பொன் நிறத்தில் ஆயிரக்கணக்கான பொறிகள், கவண்கல் மாதிரி நேராகத் தெறித்துப் போய் அணைந்தன. நெருப்பு இருப்பது ஒரே ஒரு புள்ளிதான். நம் கண் போன இடத்தையும் மறக்காமல் வைத்துக்கொள்வதால் அது முழு வட்டமாகத் தெரிகிறது. எழுபத்தைந்து வயதைத் தாண்டிய அந்த மனிதர், மூட்டுவலித் தைலம் மணக்கிற அந்த மனிதர், நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வயல்களிலும் ஒன்று, இரண்டு, நாலு சக்கரங்கள். பையன்கள் மாவலியின் பெயரைக் கூவிக்கொண்டு சுற்றினார்கள். தூரத்தில், கறுப்பாக, ராஜகிரி.

பிறகு பேரனை முன்னால் நிறுத்தி, அவன் கைமேல் தன் கையை வைத்து, இருவருமாகச் சுற்றினார்கள்.

நான் எண்ணிப் பார்த்தேன். அந்தச் சமவெளி முழுக்க மொத்தமே ஒன்பது சக்கரம்தான்.

"எங்க காலத்துல இந்தப் பொட்டலு பூரா சுத்தும் தம்பி. யாருக்கு யாரு பக்கத்துலன்னே தெரியாது" என்றார் சகலை, திரும்பி வரும்போது.

"ஏன்ணே கொறைஞ்சு போச்சு? பட்டாசு வந்துடுச்சுன்னா?"

"பட்டாசு எங்க காலத்துலயே வந்துடுச்சே. பூவு இல்ல தம்பி. ஆம்பளப் பனை எங்க இருக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பனையை வெட்டுகிறவன் முதலில் எதை வெட்டுவான்? பெண் பனை நுங்கு கொடுக்கிறது, காசு வருகிறது. ஆண் பனையிலும் பதநீர் இறக்கலாம்தான், ஆனால் ஏறுகிற ஆள் இல்லாத ஊரில் அது வெறும் மரம். 'காய்க்காத மரம்தானே' என்று செங்கல் சூளைக்குப் போய்விடுகிறது. ஆண் பனையின் மகரந்தம் இல்லாமல் பெண் பனைக்கு நுங்கு ஏது என்பதை யாரும் நினைப்பதில்லை. பனை 1978 முதல் நம் மாநில மரம். 2021-ல் வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை போட்டபோது, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று தமிழக அரசு அறிவித்தது. 76 லட்சம் பனை விதைகள் கொடுப்பதாகவும் அந்தத் திட்டத்தில் இருந்தது. நல்ல காரியம். சமீப காலமாக ஆர்வலர்கள் சிலர் மாவலி செய்து விற்கிறார்கள், நகரத்துப் பிள்ளைகளுக்குச் செய்யவும் கற்றுத் தருகிறார்கள். அதுவும் நல்ல காரியம்.

செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெருமை கிடைத்தது. மராட்டியர்களின் பன்னிரண்டு கோட்டைகள் சேர்ந்த பட்டியல் அது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று நம்ம செஞ்சி. சந்தோஷம். இனி அந்த மதிலில் ஒரு கல் பெயர்ந்தாலும் கேட்க ஆள் உண்டு. மாவலிக்கு அப்படிக் காவல் போட முடியாது. அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் கரி அடைத்த துணி, அவ்வளவுதான். குழியை எப்போது மூடவேண்டும், எப்போது திறக்கக் கூடாது, துணியை எவ்வளவு இறுக்கவேண்டும் என்பதெல்லாம் ஒரு தாத்தாவின் விரலில் இருக்கிறது. அவர் பக்கத்தில் ஒரு பையன் கையைக் கரியாக்கிக்கொண்டு உட்கார்ந்தால்தான் அது அடுத்த விரலுக்குப் போகும். பக்கத்தில் ஒரு ஆண் பனையும் வேண்டும்.

கிளம்புகிற அன்றைக்குக் காலையில் சகலை பேரனை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கையில் நாலைந்து பனங்கொட்டை. மழை நின்று மண் ஈரமாக இருந்தது. ஒரு சாண் குழி தோண்டி, ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார்.

"இது எப்ப தாத்தா மரமாகும்?"

"பூ வுடப் பதினஞ்சு, இருவது வருசம் ஆகும்டா. உனக்கு மீசை வந்துடும்."

"இது ஆம்பளையா, பொம்பளையா?"

"பூ வுட்டாத்தான் தெரியும். அதுவரைக்கும் யாராலயும் சொல்ல முடியாது."

ஊருக்குத் திரும்பி, பஞ்சுப் பனி மனிதனையும் முடித்துப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனான். கூடவே ஒரு டப்பா நிறையப் பொரி உருண்டை. எது சீக்கிரம் காலியானது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இப்போதும் ஒவ்வொரு கார்த்திகைக்கும் அவன் ஏரிக்கரைக்குப் போய்ப் பார்க்கவேண்டும். நாலைந்தில் இரண்டு பிழைத்திருக்கிறது. முழங்கால் உயரம்கூட இல்லை, விசிறி மாதிரி ஓலை விட்டிருக்கிறது. போன தடவை அந்த ஓலையைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"தாத்தா, எல்லாரும் பொம்பளைப் பனைதான் வேணும்பாங்களா?"

"ஆமாண்டா, நுங்கு கெடைக்குமே!"

"இதுல ஒண்ணாவது ஆம்பளையா இருந்தா நல்லா இருக்கும் தாத்தா."